எங்கள் பாதையில் ஓடாத எஞ்சின்

எழும்பூரில் அந்த எஞ்சின் நின்றுகொண்டிருந்த இடத்தில், என் சின்ன வயதில், அதனால் நின்றிருக்கவே முடியாது. எழும்பூர் அப்போது முழுக்க மீட்டர் கேஜ் ஸ்டேஷன். ஒரு தண்டவாளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மீட்டர்தான். குடியரசு தினத்தன்று மாலையும் தோரணமுமாக நீராவி விட்டுக்கொண்டு நின்ற இ.ஐ.ஆர். 21-க்கு வேண்டியது ஐந்தரை அடி. செல்போனை உயர்த்திப் பிடித்து நின்ற கூட்டத்தில் இது யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எனக்கு மட்டும் முதலில் கண் போனது எஞ்சின் மேல் இல்லை, அதன் காலடியில் கிடந்த அகலத்தின் மேல்.

அதற்காக எஞ்சினைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. 1855-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து கிட்சன், தாம்சன் அண்டு ஹெவிட்சன் கம்பெனி செய்தது. கிழக்கிந்திய ரயில்வேயின் 21-ஆம் எண். அடுத்த எண்ணான 22, ஃபேரி குயின் என்ற பேரில் புகழோடு இருக்கிறது. இரண்டும் ஒரே பட்டறையில் ஒரே வருஷம் பிறந்தவை. தெற்கே முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது 1856 ஜூலை 1 அன்று. அதாவது நம் ஊர்ப் பக்கம் தண்டவாளத்தில் ஒரு பயணி ஏறி உட்காருவதற்கு முன்பே இது வங்காளத்துக்காகத் தயாராகிவிட்டது. 1909-இல் ஓய்வு கொடுத்தார்கள். பிறகு ஜமால்பூர் பட்டறையிலும் ஹவுரா ஸ்டேஷனிலும் காட்சிப் பொருளாக நூறு வருஷம் நின்றது. 2010-இல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள்தான் அதற்கு மறுபடி நெருப்பு மூட்டினார்கள். பெரம்பூர் பட்டறை தொடங்கியது 1856-இல். எஞ்சினைவிட அதைப் பிழைக்க வைத்த இடம் ஒரு வயது இளையது.

கிட்டப் போனால் சிறியதாகத்தான் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு ஜோடி பெரிய சக்கரம், முன்னும் பின்னும் சின்னவை. இழுவை முழுவதும் அந்த ஒற்றை ஜோடியின் பொறுப்பு. பெரம்பூரில் பல பாகங்களைப் புதிதாகச் செய்துதான் ஓட வைத்திருக்கிறார்கள். இதில் 1855 எவ்வளவு, 2010 எவ்வளவு என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கட்டும். ஓடுகிற எஞ்சினில் எப்போதுமே பாதி புதுசுதான். வேலையில் இருந்த காலத்திலும் பாய்லர் குழாய்களை மாற்றுவார்கள், சக்கரத்துக்கு டயர் மாற்றுவார்கள், பிரேக் கட்டை மாற்றுவார்கள். எதையும் மாற்றாமல் அப்படியே இருப்பது மேடையில் ஏற்றி வைத்த எஞ்சின்தான்.

நான் எடுத்த படங்களில் எஞ்சின் முழுசாக ஒன்றில்கூட இல்லை. நீராவி சிலிண்டரின் வாய், சக்கரத்தோடு சேரும் தடி, அதில் எண்ணெய் விடும் சின்னக் கிண்ணம், கைப்பிடிக் கம்பியில் சொருகியிருந்த பஞ்சு வேஸ்ட். வீட்டில் பார்த்தவர்கள், "என்னப்பா இது, எஞ்சினையே காணோம்" என்றார்கள். பஞ்சு வேஸ்ட் படத்தை மட்டும் நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுப்புரம் ரயில்வே காலனியில் அது இல்லாத வீடே கிடையாது. சைக்கிள் துடைக்க, விளக்குக் கண்ணாடி துடைக்க, அடுப்பு மூட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். மண்ணெண்ணெயும் கரியும் கலந்த ஒரு வாசனை அதற்கு. அப்பாவின் வாசனையும் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அப்பா கிளீனராகச் சேர்ந்து, செகண்ட் பயர்மேன், பர்ஸ்ட் பயர்மேன் என்று படியேறியவர். விழுப்புரம் அப்போது ஐந்து திசைக்குப் பிரியும் ஜங்ஷன். மெட்ராஸ் ஒரு பக்கம். விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் ஒன்று. கடலூர், சிதம்பரம், மாயவரம் என்று போகும் மெயின் லைன் ஒன்று. திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, பாண்டிச்சேரிக்கு ஒன்று. அறுபதுகளின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்கம்பி வந்துவிட்டது. அதற்கப்பால் வரவில்லை. அந்த ஒரு காரணத்தால்தான் எங்கள் ஊருக்கு ஒரு காட்சி கிடைத்தது. மெட்ராஸிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியும் எங்கள் ஊரில் மின்சார எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரி எஞ்சினை மாட்டிக்கொள்ளும். உலகம் முன்னால் போகிறது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் பிளாட்பாரத்தில் அது தினம் பல தடவை பின்னால் போனது.

மின்சார எஞ்சின் சத்தமில்லாமல் ஒதுங்கிப் போகும். கொஞ்ச நேரம் வண்டி தலையில்லாமல் நிற்கும். பிறகு ஷெட் பக்கமிருந்து ஒய்.பி. ஒன்று பின்பக்கமாக ஊர்ந்து வரும். முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரியவை, பின்னால் இரண்டு. மீட்டர் கேஜ் பயணி வண்டிக்கென்றே செய்த எஞ்சின், எங்கள் பக்கம் வந்தவற்றில் பெரும்பாலானவை ஜாம்ஷெட்பூரில் டாடாக்காரர்களின் டெல்கோ செய்தவை. பிளாட்பாரத்தில் ஒரு அவசரம் தொற்றிக்கொள்ளும். முன்பெட்டிக்காரர்கள் ஷட்டரை இறக்குவார்கள். வெள்ளை வேட்டிக்காரர் எழுந்து எதிர் சீட்டுக்கு மாறி, வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருவார். "கண்ண மூடிக்கோடா, கரி விழும்" என்று ஏதாவது ஒரு தாய் சொல்லாமல் வண்டி விழுப்புரத்தை விட்டதில்லை. கண்ணில் கரி விழுந்தால் முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடேற்றி ஒத்தி எடுப்பார்கள். அந்த வைத்தியமும் எஞ்சினோடு போய்விட்டது.

வீட்டில் ரயில் நேரம் சுவர்க் கடிகாரத்தில் இல்லை, கால் பாயிடம் இருந்தது. நள்ளிரவோ விடிகாலையோ, கையில் லாந்தரும் கக்கத்தில் ஒரு நீள நோட்டுமாக வருவார். பாய் என்று பேர்தானே தவிர, எங்கள் தெருவுக்கு வந்தவர் நரைத்த மனிதர். கதவை ஒரு தடவை தட்டிவிட்டு, "சார், மாயவரம் பாசஞ்சர்" என்பார். அப்பா அரைத் தூக்கத்தில் நோட்டில் கையெழுத்துப் போடுவார். அம்மா அதற்குள் அடுப்பருகில் இருப்பாள். கால் பாய் எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே அவருடைய செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும். லைன் பாக்ஸ் என்று ஒரு தகரப் பெட்டி இருந்தது. மாற்று உடுப்பு, ரூல் புத்தகம், சிவப்பு பச்சைக் கொடி, பட்டாசு போல வெடிக்கும் டெட்டனேட்டர், கூடவே அம்மா கட்டிய புளிச்சோறு. வெடியும் சோறும் ஒரே பெட்டியில் போவதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை.

விழுப்புரத்திலிருந்து மாயவரம் வரை கரி தள்ளுவது என்ன வேலை என்பதை அப்பாவின் வலது கால் சொல்லும். முழங்காலுக்குக் கீழே அதில் ரோமமே கிடையாது. பயர் பாக்ஸ் கதவு திறக்கிறபோதெல்லாம் முதலில் சூட்டை வாங்கியது அந்தக் கால்தான். வங்காளக் கரி வந்தால் முகம் மலரும். சிங்கரேணிக் கரி என்றால் கிளிங்கர் கட்டிக்கொண்டு காற்றோட்டத்தை அடைக்கும். நீளக் கம்பியை விட்டுக் குத்தி உடைத்துக்கொண்டே போக வேண்டும். கடலோரத் தண்ணீர் சரியில்லாத இடத்தில் பாய்லர் பொங்கும். எல்லாவற்றையும்விட அவர்கள் பயந்தது லெட் பிளக்குக்கு. பாய்லரில் தண்ணீர் அளவு நெருப்புப் பெட்டியின் கூரைக்குக் கீழே இறங்கினால் கூரையில் இருக்கும் ஈயத் திருகு உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். பாய்லர் வெடிக்காமல் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஆனால் அது உருகிவிட்டால் அந்த டிரைவருக்கும் பயர்மேனுக்கும் ஷெட்டில் தலைநிமிர முடியாது. "பிளக்கு போட்டவன்" என்று ஓய்வு பெறும் வரை பேர் நிலைத்துவிடும்.

சுகங்களும் இருந்தன. பண்ருட்டியில் வண்டி நிற்கும். முந்திரி சீசனில் யாராவது பச்சைப் பருப்பைப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். ஷவலை நன்றாகக் கழுவி, அதில் பருப்பைப் பரப்பி, நெருப்பு வாயில் ஒரு கணம் காட்டி எடுத்தால் போதும். கொஞ்சம் மிஞ்சி வீட்டுக்கு வரும். ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும். பிற்பாடு எத்தனையோ கல்யாணங்களில் வெள்ளித் தட்டில் வறுத்த முந்திரி தின்றிருக்கிறேன். அதையெல்லாம் முந்திரி என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

காலனிப் பிள்ளைகளுக்கு ஷெட்டே உலகம். உள்ளே விடமாட்டார்கள், ஆனால் வேலிக்கு ஓட்டை இருந்தது. ஆஷ் பிட்டில் கொட்டும் சாம்பலில் வேகாத கரி கிடைக்கும். பக்கத்துக் குடிசைப் பெண்கள் முறத்தோடு வந்து சலித்து எடுத்துப் போவார்கள். அவர்களை விரட்ட வேண்டிய காவலாளி வேறு பக்கம் திரும்பி பீடி பற்ற வைப்பார். எஞ்சினைத் திருப்பும் டர்ன் டேபிளை இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளித் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தொண்ணூறு டன்னுக்குக் குறையாத இரும்பு, சரியான நடுப்புள்ளியில் நின்றுவிட்டால் இரண்டு மெலிந்த மனிதர்களுக்குக் கட்டுப்படும். பௌதிகப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அங்கேதான் முதன்முதலாகக் கேமரா வைத்திருந்த ஒருவரைப் பார்த்தேன். எழுபதுகளில் வெள்ளைக்காரர்கள் கரி எஞ்சினைத் தேடி இந்தியா வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் ஊரில் நீராவி முடிந்துபோயிருந்தது. ரயில் எஞ்சினைப் படம் எடுக்க ஒருவன் கப்பலோ விமானமோ ஏறி வருவான் என்பதை ஷெட்டில் யாராலும் நம்ப முடியவில்லை. சிவந்த முகம், கழுத்தில் இரண்டு கேமரா, பையில் ரயில்வே கொடுத்த அனுமதிக் காகிதம். அவர் அப்பாவைப் பார்த்து ஏதோ கெஞ்சினார். ஷெட் குமாஸ்தா மொழிபெயர்த்தார்: கிளம்பும்போது நல்லா கறுப்புப் புகை விடணுமாம்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கறுப்புப் புகை என்றால் கரி சரியாக எரியவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாக, பரவலாக, அடிக்கடி போடத் தெரிந்த பயர்மேனின் எஞ்சினில் மெல்லிய சாம்பல் நிறம்தான் தெரியும். சோம்பேறிதான் ஒரே தடவையில் அள்ளிக் கொட்டிவிட்டு உட்காருவான், அவன் எஞ்சின்தான் கறுப்பாகக் கக்கும். படத்தில் தன் எஞ்சின் அப்படி விழுந்தால் நாளைக்கு லோகோ இன்ஸ்பெக்டர் என்ன நினைப்பார்? "முடியாதுன்னு சொல்லு" என்றார். டிரைவர், தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், நல்ல தமாஷ் பேர்வழி, சமாதானம் சொன்னார்: "போடுடா, பாவம், அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்கான்." அப்பா போட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. வண்டி வளைவில் திரும்பியபோது புகை கறுப்பும் இல்லை வெளுப்பும் இல்லை.

அந்தப் படம் இன்று இங்கிலாந்தில் ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பா எஞ்சினோடு நிற்கும் படம் கிடையாது. ஸ்டுடியோவில் காகிதப் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்கும் படம்தான் உண்டு. காலனியில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வேலை செய்யும் இடத்தில் போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மீட்டர் கேஜ் நீராவியின் நல்ல படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் இன்றும் அந்நியர்கள் போட்ட புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், வெளிச்சம் பார்த்து, பொறுமையாக. ஒரு குறை, பாதிப் படங்களில் புகை கறுப்பு.

எழும்பூரிலும் அதே கோரிக்கைதான் கேட்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு பையன், கல்லூரி முடித்திருப்பான், முழ நீள லென்ஸ் வைத்துக்கொண்டு எஞ்சின்காரர்களைப் பார்த்து, "அண்ணா, புகை... புகை..." என்று கத்திக்கொண்டிருந்தான். அண்ணன்மார் தயாளமாக இருந்தார்கள். மேலே மின்கம்பி, அதன் கீழே கருமேகம், ஒரே கரகோஷம். எனக்கும் கைதட்டத் தோன்றியது என்பதை மறைப்பானேன்.

ஆனால் நினைத்துப் பார்த்தால் இந்த எஞ்சின் பிழைத்ததற்குக் காரணமே அது சீக்கிரம் வேலையை விட்டதுதான். 1909-இல் நிறுத்தப்பட்டதால் அரிதாகிவிட்டது, அரிதானதால் மேடை கிடைத்தது, மேடை கிடைத்ததால் பெரம்பூர் கிடைத்தது. கடைசி வரை உழைத்த எஞ்சின்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒய்.பி. மட்டும் எண்ணூற்றுக்கு மேல் செய்தார்கள். சில கண்காட்சிக்குப் போயின, சில ஸ்டேஷன் வாசலில் பெயிண்ட் அடித்து நிற்கின்றன. மற்றவை டீசல் வந்த பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டன. பித்தளையும் செம்பும் முதலில் போயிற்று. பிறகு ஏலம், பிறகு காஸ் கட்டர். டன்னுக்கு இவ்வளவு என்று எடை போட்டார்கள். அப்பா அதற்குள் டீசல் அசிஸ்டென்ட் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். வேட்டி சட்டை வெளுப்பாகவே வீடு திரும்பியது. அம்மாவுக்கு அதில் மகிழ்ச்சிதான், சோப்புச் செலவு குறைந்தது. "உக்காந்துட்டே போறேன், உக்காந்துட்டே வரேன்" என்பதைத் தவிர அப்பா டீசலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

எஞ்சின் போனதை ஒருவாறு ஏற்றுக்கொண்டேன். பாதையே போகும் என்று எதிர்பார்க்கவில்லை. தொண்ணூறுகளில் தொடங்கி ஒவ்வொரு லைனாக மூடினார்கள். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931-இல் தொடங்கியது, 2004 ஜூலையோடு நின்றது. ராமேஸ்வரம் 2007-இல் அகலமாயிற்று. எங்கள் மாயவரம் லைன் 2006 கடைசியில் மூடப்பட்டு 2010-இல் அகலப்பாதையாகத் திறந்தது. அதே வருஷம்தான் பெரம்பூரில் இந்த எஞ்சினுக்கு உயிர் வந்தது. ஒரு தற்செயல்தான், ஆனால் எனக்கு உறுத்துகிற தற்செயல்.

இதில் புலம்ப நியாயம் இல்லை என்பதும் தெரியும். இரண்டு கேஜுக்கும் நடுவே மூட்டையை இறக்கி ஏற்றியவர்களைக் கேட்டால் தெரியும் மீட்டர் கேஜின் லட்சணம். சரித்திரமும் என் பக்கம் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860-களின் தொடக்கத்தில் முதலில் போட்டது அகலப்பாதை. அதைப் பெயர்த்து 1870-களில் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூற்றுச் சொச்ச வருஷம் கழித்து மறுபடி பழைய அகலத்துக்கே போயிற்று. எனக்கு ஆதியும் அந்தமுமாகத் தோன்றியது ரயில்வேக்கு நடுவில் வந்த ஒரு சிக்கனம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கே யாராவது மனம் வைத்து ஒரு ஒய்.பி.யைப் பெரம்பூரிலோ பொன்மலையிலோ உயிர்ப்பித்தாலும், விழுப்புரத்தில் அதை இறக்கி வைக்க ஒரு முழத் தண்டவாளம் கிடையாது. வங்காளத்து எஞ்சின் எழும்பூரில் ஓடலாம், எழும்பூர் எஞ்சின் எழும்பூரில் ஓட முடியாது.

வண்டி கோடம்பாக்கம் நோக்கிக் கிளம்பியது. ஒரே ஒரு பெட்டி. வேகம் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாது என்கிறார்கள், அதில் பாதிகூட இருக்காது அன்றைக்கு. சிலிண்டரில் தேங்கிய தண்ணீரைத் தள்ளுவதற்காக இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சீறியது. முன்வரிசையில் நின்றவர்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள், குழந்தைகள் சிரித்தன. முதல் நாலு மூச்சு தனித்தனியாகக் கேட்டது. ஒற்றைச் சக்கர ஜோடி ஒரு தடவை வழுக்கிச் சுற்றி, பிறகு பிடித்துக்கொண்டது. அந்த வழுக்கலில் என் பாதம் தானாகச் செருப்புக்குள் அழுந்தியது.

லென்ஸ் பையன் படங்களைச் சரிபார்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான்.

"அங்கிள் ரயில்வேல இருந்தீங்களா?"

"அப்பா இருந்தார். விழுப்புரம் ஷெட்."

"அங்க ஷெட் இருந்துச்சா?"

அவன் பிறந்தபோதே இருந்திருக்காது. இருந்தது என்றேன். மீட்டர் கேஜில் நீராவி பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டில் மிஞ்சியிருப்பது நீலகிரி மலை ரயில் மட்டும்தான் என்றும் சொன்னேன். அவனுக்கு அது தெரிந்திருந்தது. கல்லாறில் இருந்து குன்னூர் வரை நடுவில் பல்சக்கரத் தண்டவாளம், பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம், சுவிட்சர்லாந்தில் இருந்து வந்த எக்ஸ் கிளாஸ் எஞ்சின் என்று அவனே ஒப்பித்தான். பொன்மலைப் பட்டறையில் 2011 முதல் அதே மாதிரியைப் புதிதாகச் செய்கிறார்கள் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. புது எஞ்சினைப் பழைய மாதிரியில் செய்வதா என்று யோசித்தான்.

"எங்க நின்னா நல்லா விழும் அங்கிள்?"

"கல்லாறு தாண்டி நில்லு. ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிட்டுப் போகும், முன்னால பாத்து ஏமாந்துராத. ஒவ்வொரு பெட்டி முன்னாலயும் கொடியோட ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பார், அவரையும் சேர்த்து எடு."

"புகை கறுப்பா வருமா?"

"இப்ப நெறைய ஆயில்ல ஓடுது. 2021-ல கரி எஞ்சின் ஒண்ணு பொன்மலையில கட்டினாங்க. அது வந்தா வரும். ஆனா பயர்மேன் கெட்டிக்காரனா இருந்தா வராது."

அவன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். அடுத்த மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போய்விட்டால் எஞ்சின் திரும்புவதற்குள் இன்னொரு படம் எடுக்கலாம், வருகிறீர்களா என்றான். வருகிறேன் என்றேன். டிக்கெட் கவுன்டரைத் தேடினோம்.